ஏழாம் பாத்தி

ஆராய்ச்சிப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருடச் சர்வீஸ். மக்காச்சோளச் செடிகளை உலர்த்தி, மாவாக அரைத்து, பயிர் எவ்வளவு நைட்ரஜனை எடுத்திருக்கிறது என்று கணக்கிடுவாள். மாவு போடும் பையில் பாத்தி எண் எழுதினால் மூன்று முறை சரிபார்ப்பாள். அதனால் அவளுக்கு அங்கே ‘மூணு தரம்’ என்றே பெயர்.

அந்தப் பருவத்தில் பன்னிரண்டு பாத்திகள். நாலில் யூரியாவை மண்ணின்மேல் தூவினார்கள். நாலில் அதே அளவு யூரியாவைச் செடி வரிசைக்குப் பக்கத்தில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தார்கள். மிச்சம் நாலில் அம்மோனியம் சல்பேட். மேலே கிடக்கும் யூரியா அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும், புதைத்தது பயிருக்குப் போய்ச் சேரும் என்பது விஞ்ஞானி அம்மாளின் எதிர்பார்ப்பு. முடிவும் அப்படித்தான் வந்தது, ஏழாம் பாத்தியைத் தவிர. தூவிய பாத்திதான், ஆனால் புதைத்தவற்றுக்குச் சமமாக நைட்ரஜன் எடுத்திருந்தது.

மறுபடி அரைத்துப் பார்த்தாள். அதே எண். விஞ்ஞானி அம்மாள் கோபப்படவில்லை. பை மாறியிருக்கலாம், யாருக்கும் நடப்பதுதான் என்றார். அதுதான் அவளைச் சுட்டது.

வயலுக்குப் போனாள். ஏழாம் பாத்தியின் ஓரத்தில் பாசனக் குழாயின் வால்வு இருந்தது. அதைத் திறந்து மூடுவது அவள் தம்பி. பம்ப் ஆபரேட்டர். தற்காலிக வேலை, அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம்.

கேட்டதும் அவன் மறைக்கவில்லை. உரம் தூவிய அன்று சாயங்காலமே வால்வைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டானாம். ஒரு மணி நேரம் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. யூரியா கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிட்டது. காற்றுக்குப் போக எதுவும் மிஞ்சவில்லை.

“பை மாறிடுச்சுன்னே சொல்லிடுக்கா. உன்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இரண்டு நாள் ஏழாம் பாத்தியின் பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலை விஞ்ஞானி அம்மாளின் அறைக்குப் போய் உட்காராமலே சொன்னாள்.

“பை மாறல மேடம். ஏழுல தண்ணி பாஞ்சிருக்கு. வால்வை விட்டது என் தம்பி.”

விஞ்ஞானி அம்மாள் அட்டவணையில் ஏழாம் வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் காரணம் எழுதினார். தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அவன் அக்காவோடு பேச்சை நிறுத்தினான். குழந்தை பிறந்த செய்தியும் அவன் மாமியார் மூலம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அடுத்த பருவத்துக்கு விஞ்ஞானி அம்மாள் நாலு பாத்திகளைக் கூட்டினார். யூரியாவை மேலே தூவி, அன்றே தண்ணீர் பாய்ச்சுவது. புதைக்கக் கருவி இல்லாதவர்களுக்கு இது உதவுமா என்று பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைத் தம்பிக்கே கொடுத்தார்.

ஒரு காலை அவன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். அவள் அரவை இயந்திரத்தை நிறுத்தினாள்.

“எத்தனை நிமிஷம் விடணும்?”

“நாப்பது. மீட்டரைப் பார்த்துக்கோ, கடிகாரத்தை நம்பாதே.”

அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். அக்கா என்று கூப்பிடவில்லை. அவள் அதைக் கவனித்தாள். பிறகு அடுத்த பையைப் பிரித்தாள்.