மூன்று முறை கேட்காத பேராசிரியர்

என் பேராசிரியர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். எல்லாம் கெட்டது அதில்தான்.

அது ஏப்ரல் மாதம். முனைவர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. எதில் என்று கேட்பீர்கள். ஏரிச் சேற்றில். ஏரியின் அடியில் நீளமான குழாயைச் செருகி, சேற்றைக் குலையாமல் உருவியெடுத்து, எந்த அடுக்கில் எந்தக் காலத்து மழை, எந்தக் காடு எரிந்த கரி என்று பார்க்கிற படிப்பு. அப்பா இதை எங்கள் சர்ச்சில் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"சிக்னி டாக்டர் ஆகப் போறா."

"எதுக்கு டாக்டர், வெர்லின்?" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

"சேத்துக்கு."

"ஏன், சேத்துக்கு உடம்புக்கு என்ன?"

அதற்குப் பிறகு அப்பா பொதுவாக "கிழக்குப் பக்கம் என்னமோ படிக்கப் போறா" என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ஏப்ரலில் டாக்டர் கப்லன் வீடியோ அழைப்பில் வந்தார். என்னைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டவர்.

"ஜூன்ல உங்க மினசோட்டாவுக்குத்தான் வர்றோம். வடக்குக் கோடியில, கனடா எல்லைகிட்ட முகாம். கூடாரம், படகு, கொசு. சம்பளம் உண்டு. ஒரு இடம் காலியா இருக்கு. வர்றியா?"

எனக்கு நெஞ்சு துள்ளி வாய்க்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வேற யாருக்காவது குடுங்க."

எங்கள் ஊரில் இதற்கு 'எத்தனை மணிக்கு வரட்டும்?' என்று பொருள். முதல் வேண்டாம் சும்மா தொண்டையைச் செருமுவது மாதிரி. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் இளகின வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால், "நீங்க இவ்ளோ சொல்றதால..." என்று இழுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். காபி, காரில் இடம், கல்யாணம், எல்லாமே இந்த மூன்று வாசலையும் தாண்டித்தான் வீட்டுக்குள் வரும். டாக்டர் கப்லனோ நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாமாம். விசித்திரமான மனிதர்கள்.

"சரி, புரியுது. செப்டம்பர்ல பார்ப்போம்" என்றார். திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது, இரண்டாவது வேண்டாமுக்குத் தயாராக வைத்திருந்த புன்னகையோடு.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலில் யார் என்ன கிசுகிசுக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய காது.

"நல்லாப் பேசினடி" என்றாள். "முதல் தடவையே சரின்னு குதிச்சா பறக்காவெட்டின்னு நினைப்பாங்க. பாரு, நாளைக்கே மறுபடி கூப்பிடுவாங்க."

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும். அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. முகாமுக்கு டெஸ்மண்ட் என்கிற புது மாணவன் வருகிறான், எல்லோரும் வாழ்த்துங்கள் என்று. நானும் வாழ்த்தினேன். இரண்டு ஆச்சரியக்குறி போட்டு.

அம்மா என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே காய்ந்த தட்டை வெகுநேரம் துடைத்தாள்.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்களா?"

"ஒரே தடவைதாம்மா."

"மனுஷங்களா அவங்க?"

மே மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே டாக்டர் கப்லனுக்கு எழுதினேன். உள்ளதை உள்ளபடி கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது அது இப்படி இருந்தது: 'உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், ஒருவேளை யாராவது வர முடியாமல் போய், வேறு யாரும் கிடைக்காத பட்சத்தில், அப்போதும் தேவைப்பட்டால் மட்டும், என்னையும் நினைத்துக்கொள்ளலாம், நினைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. முகாம் சிறக்க வாழ்த்துகள்.' எங்கள் அளவில் இது காலில் விழுந்து கெஞ்சுவது. பதில் ஒரே வரியில் வந்தது: 'வாழ்த்துக்கு நன்றி! நல்லா ஓய்வெடு.'

ஆக, ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. முனைவர் படிப்புக்கு முந்தின கோடையை எப்படிக் கழிப்பது என்று இணையத்தில் தேடினேன். நன்றாகத் தூங்குங்கள், ஊர் சுற்றுங்கள், முன்கூட்டியே படித்து வையுங்கள் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு மேல் படுத்திருந்தால் அது காய்ச்சல். அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் அப்பாவும் வந்து வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் நானே எழுந்துவிட்டேன். ஊர் சுற்ற அப்பா கூட்டிப் போனார். குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளுவதும் கோடையில் சாலையோரப் புல்லை வெட்டுவதும் அவருடைய வேலை. அவருடைய புல்வெட்டி வண்டியில் இடுக்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் பக்கத்து ஊர் வரைக்கும் உலகத்தைப் பார்த்தேன். படிப்பதற்கு வாங்கிய அறுநூறு பக்கச் சேற்றுப் புத்தகம் மேலே தூக்கித் திறந்தால் நிற்காத ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க நன்றாக இருந்தது.

எந்த வேலையில் இருந்தாலும் மனம் வடக்கே போய்விடும். இந்நேரம் படகில் ஏறியிருப்பார்கள். இந்நேரம் குழாயை இறக்கியிருப்பார்கள். அந்தச் சேற்றில் கை வைக்கத்தானே நான் இந்தப் படிப்புக்கே விண்ணப்பித்தேன்! அது ஐந்து மணி நேர தூரத்தில் இருக்கிறது, நான் டெஸ்மண்டின் புகைப்படங்களுக்கு விருப்பக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி மூடியதும் அம்மாவுக்கும் விடுமுறை வந்தது. ஜூனில் எங்கள் ஊரே ருபார்ப் என்கிற சிவப்புத் தண்டுச் செடியில் மூழ்கும். யாராலும் தின்று தீர்க்க முடியாத புளிப்பு. பூட்டாத காருக்குள் அக்கம்பக்கத்தார் ஒரு கட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் காலையெல்லாம் அதை நறுக்கிச் சர்க்கரை போட்டுக் கேக் செய்தோம். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஏரியில் இறங்கினோம். அம்மா நீந்தி நான் பார்த்ததேயில்லை. மல்லாந்து, முகம் மட்டும் வெளியே தெரிய, வாத்து மாதிரி சத்தமில்லாமல் மிதந்தாள்.

"சிக்னி, இந்த ஏரிக்கு அடியிலயும் எல்லாம் அடுக்கடுக்கா இருக்குமா?"

"இருக்கும்மா."

"நான் கல்யாண மோதிரத்தை இங்கதான் தொலைச்சேன். அதுவும் இருக்குமா?"

"எந்த வருஷம்?"

"நீ பொறந்த வருஷம்."

"அப்ப ஒரு நாலு விரல் ஆழத்துல இருக்கும்."

கொஞ்ச நேரம் மிதந்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதே. பாத்திரம் கழுவுற தொட்டிக்குள்ள போயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன். பாவம், ரெண்டு தடவை குழாயைக் கழட்டிப் பார்த்தாரு."

நான் சிரித்ததில் தண்ணீர் குடித்தேன். இருமி முடித்து நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வேண்டாம்னு சொல்ல நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா."

இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவள் கேட்கவில்லை. கரைக்கு வந்து துண்டை எடுத்து முதலில் என் தலையைத் துவட்டினாள். இருபத்திரண்டு வயதில் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் கோடைப் பொருட்காட்சி. ஆட்டுக்குட்டிப் போட்டி நடக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், வருடா வருடம் எங்கள் சர்ச்சின் காபி, கேக் கடை. அந்தக் கடைக்கு ராணி, ஆர்டிஸ் என்கிற அம்மாள். எழுபது வயது, பெரிய காபிப் பாத்திரத்தின் பிடியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். நானும் அம்மாவும் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். தட்டில் ஒரே ஒரு கேக் துண்டு மிச்சம். கடைசித் துண்டை எடுப்பதற்கு எங்கள் ஊரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. ஒருவர் வந்து பாதி வெட்டிக்கொண்டு போவார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் கண்ணாடி போட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒரு சில்லு தட்டில் நிற்கும், மானத்தைக் காத்துக்கொண்டு.

அப்போது என் ஃபோன் அடித்தது. என் இரண்டு கையிலும் மாவு. ஆர்டிஸ் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைத் திறந்துவைத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சிக்னி, கப்லன் பேசறேன். டெஸ்மண்ட் விஷக்கொடி மேல விழுந்து எழுந்திருக்கான். முகம் பூசணிக்கா ஆயிடுச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டோம். நீ ஏப்ரல்லயே வேண்டாம்னுட்ட, ஞாபகம் இருக்கு. இன்னும் மூணு வாரம் வேலை பாக்கி. வர்றியா? இல்லைன்னாலும் ஒண்ணுமில்ல, இன்னொருத்தர் பேர் கைவசம் இருக்கு, அடுத்து அவங்களைத்தான் கூப்பிடப் போறேன்."

கடையில் அத்தனை கரண்டியும் நின்றன. இந்தக் கேள்வி மறுபடி வந்தால் என்ன சொல்வது என்று நான் கண்ணாடி முன் நின்றெல்லாம் பழகியிருந்தேன். சரி. ஒரே சொல். வாயைத் திறந்தேன்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சி—"

அம்மா ஆர்டிஸின் கையிலிருந்து ஃபோனை மாவோடு பிடுங்கினாள்.

"வருவா!" என்றாள். ஆட்டுக்குட்டிப் போட்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அவ அம்மா மார்லிஸ் பேசறேன். அவ வேண்டாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பா."

அந்தப் பக்கம் டாக்டர் கப்லன் கணக்குப் பார்த்தார். "அப்போ ஏப்ரல்ல சொன்னது?"

"அதுவும் வேணும்தான்."

"மே மாசம் ஒரு கடிதம் வந்துச்சே?"

"அது ரொம்ப வேணும்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க மறுபடி கேக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா.

டாக்டர் கப்லன் சிரித்த சிரிப்பில் ஃபோனே கரகரத்தது. "கொசுவலை கொண்டுவரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அம்மாவின் முகம் ருபார்ப் தண்டு நிறத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள், அதுவும் ஊர் நடுவில் நின்று.

"மார்லிஸ், நீ கத்தின" என்றார் ஆர்டிஸ்.

"கத்தலையே."

"கத்தின. காபிப் பாத்திரமே ஆடிச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கிளம்புவதற்கு முன் எங்களுக்கு மிச்சமிருந்ததே அந்த மூன்று வாரம்தான். அதைத்தான் அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அம்மா..." என்றேன்.

"துணியெல்லாம் துவைக்கணும். கையைக் கழுவு" என்றாள்.

மறுநாள் அப்பா ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினார். எங்கள் வழக்கப்படி வழியெல்லாம் சோளம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பேசினோம். பைன் மரங்கள் ஆரம்பித்த பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்கம்மா எனக்கே மூணாவது தடவைதான் சரின்னா."

"மூணாவது தடவையும் வேண்டாம்னிருந்தா?"

"நாலாவது யோசிச்சு வெச்சிருந்தேன்." ஒரு மைல் போனது. "நேத்து நீ மாவோட நின்னப்ப அவளுக்கு அந்தப் பயம்தான். நாலாவது கேக்க உனக்கு யாரு இருக்கான்னு."

முகாமில் டாக்டர் கப்லன் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்தார். குள்ளமான, வேகமான பெண்மணி. கை கொடுத்துவிட்டு அப்பாவிடம், "காபி குடிக்கிறீங்களா?" என்றார்.

"வேண்டாங்க" என்றார் அப்பா.

டாக்டர் கப்லன் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

"காபி?" என்றார் மறுபடி.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

டாக்டர் கப்லன் ஒரு பெருமூச்சு விட்டார், புதுக் கருவி ஒன்றைப் பழகுகிறவர் போல. "காபி?"

"நீங்க இவ்ளோ சொல்றதால... ஒரு அரைக் கப்."

மூன்று கப் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்புகிறேன் என்று தொடையைத் தட்டி எழுந்தபின் இன்னொரு முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அந்த வருடச் சோளத்தைப் பற்றி நியூயார்க்காரர் ஒருவருக்கு இவ்வளவு தெரிய நியாயமில்லை.

அன்று மாலை, என் கண் முன்னால் முதலாவது குழாய் மேலே வந்தது. டாக்டர் கப்லன் அதிலிருந்த சேற்றை உருவி என் கையில் கிடத்தினார். எண்ணெய் போட்ட கறுப்பு. குளிர்ந்த, மெல்லிய கோடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. அழவில்லை, கொசு கண்ணில் விழுந்தது என்று சொன்னேன், அங்கே எல்லோரும் அதை நம்புவார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கொடுத்தனுப்பிய ருபார்ப் கேக்கைத் திறந்தேன். ஆறு பேர், ஒரு தட்டு. கடைசியில் ஒரு துண்டு நின்றது. என் கை தன்னிச்சையாகக் கத்தியை எடுத்தது.

கத்தியைக் கீழே வைத்தேன். துண்டை எடுத்தேன்.

சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் படகுத்துறையின் நுனி. துண்டோடு அங்கே போய் நின்று வீட்டுக்கு அடித்தேன்.

"அம்மா, கடைசித் துண்டை நான் எடுத்துட்டேன்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "முழுசாவா?"

"முழுசா."

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க."

"ஐயய்யோ" என்றாள் அம்மா. அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. "நல்லா இருந்துச்சா?"

வாய் நிறையக் கேக்கோடு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நன்றி என்று ஏதோ சொன்னேன் போலிருக்கிறது.

"அதுக்கெல்லாம் எதுக்கு நன்றி, வேண்டாம்" என்றாள்.

விடாமல் இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.