பார்க்காமல் எழுதியவர்கள்

அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் பெட்டியின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஹம்சிகா ஓர் எட்டுப் பின்வாங்கினாள். பெட்டியின் வெள்ளைக் கைப்பிடி வரைக்கும்தான் அவள் கண் போனது. அதற்கு மேலே ஏற்றப் பயமாக இருந்தது.

ஈமக்கிரியை நிலையத்தில் வேலை செய்யும் நோரா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சனம் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, நீங்கள் இருவரும் தனியாக இருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போகாமல் நின்றிருக்கலாம் என்று ஹம்சிகாவுக்குத் தோன்றியது.

"என்ன மாதிரி இருக்கிறார், பிள்ளை? சொல்லு."

சிறிதேவிக்குச் சீனி வருத்தத்தால் கண் போய் மூன்று வருடம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், ஆள் தெரியாது. அன்றிலிருந்து அவளுக்குக் கண் மகள்தான். ஸ்டோவ்னர் கடையில் மீன் புதிதா பழசா, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய் என்ன சேலை என்று ஒன்றுவிடாமல் காதுக்குள் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அப்பாவைச் சொல்ல வேண்டும். இதை விட்டால் இன்னொரு தரம் இல்லை.

"நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கிறார், அம்மா," என்றாள் கைப்பிடியைப் பார்த்தபடி. செத்தவீட்டில் எல்லோரும் சொல்கிற வசனம் அது. தன்பாட்டுக்கு வாயில் வந்தது.

"நெத்தியிலை?"

"திருநீறு பூசியிருக்கு. பட்டு வேட்டி." சித்தப்பா இந்திரகுமார் நேற்று வந்து எல்லாம் செய்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னதுதான்.

"மீசை?"

"வழமை மாதிரித்தான். வடிவா இருக்கு."

மீசையைப் பற்றிச் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா அருளானந்தனின் மீசையைப் பார்த்தா சொல்ல வேண்டும்? பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வெள்ளை அங்கியும் தொப்பியுமாக நிற்கும் பழைய படத்திலேயே அது இருந்தது. அவள் பிறப்பதற்கு முந்திய மீசை.

இந்தப் பயம் வெட்கக்கேடு என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருடமாக அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்வதே இப்படிப் பார்க்காமலே சொல்கிற ஆட்களைத்தான். கவிதை பெரிதா ஓவியம் பெரிதா என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட இத்தாலிய அறிஞர்கள். அதில் ஒருவர், மலைக்கிராமத் தேவாலயம் ஒன்றின் சுவர்ச்சித்திரத்தில் அழுகிற பெண்ணின் கையில் புத்தகம் இருப்பதாக எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் சித்திரத்தைப் பார்க்காமல், அவர் எழுதியதைப் பார்த்து எழுதினார்கள். ஒருவர் அந்தப் புத்தகத்தில் இருப்பது எந்தக் கவிதை என்று நாற்பது பக்கம் எழுதினார். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விளக்கும் ஏணியுமாக மலையேறிப் போய்ப் பார்த்தால், கண்ணீர் துடைக்க மடித்த துணி! அந்த அத்தியாயத்தில் ஹம்சிகா அவர்களை நன்றாகவே நக்கல் அடித்திருந்தாள்.

"படம் பாத்தவனைப் பற்றி எழுதினவனைப் பற்றி எழுதுறாய். எப்ப படத்தைப் பாப்பாய்?" என்று அப்பா சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலும் அவள் அறைவாசல் தாண்டவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கால் விரல்களை மட்டும் பார்த்தாள். அந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டால், பிறகு எப்போது அப்பாவை நினைத்தாலும் அதுதானே வரும்.

அம்மாவின் கை பெட்டிக்குள் இறங்கி, வேட்டிக் கரையைத் தடவி, நெஞ்சு, கழுத்து, நாடி, உதடு என்று ஏறியது. திடீரென்று நின்றது.

"பிள்ளை." குரல் மாறிவிட்டது. "இது ஆரடி?"

"அம்மா?"

"இது அவரில்லை. மாத்திப்போட்டாங்கள். வேறை ஆரையோ கொண்டுவந்து கிடத்தியிருக்கிறாங்கள்!" கையை நெருப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். "அவர் எங்கை? பாரடி!"

யாரோ ஒரு வேற்று ஆள் அங்கே கிடந்தால்? ஒரு கணம் அப்படியே இருக்கட்டும் என்றுகூட ஹம்சிகா நினைத்தாள். பிறகு பார்த்தாள்.

அப்பாதான். மீசை இல்லை. மேலுதடு, கைக்கடிகாரம் கழற்றிய இடம்போல வெளிறிக் கிடந்தது.

சுவாச முகமூடி பொருந்தாது, முகத்தை மழிக்கலாமா என்று தாதி தொலைபேசியில் கேட்டபோது அவள் நூலகத்தில் இருந்தாள். ஓம் என்றாள். மூன்று நாள் தாடியைத்தான் நினைத்தாள்.

"அப்பாதான் அம்மா. ஆஸ்பத்திரியிலை மீசையை எடுத்துப்போட்டினம். நான்தான் ஓமெண்டு சொன்னனான்."

"அப்ப நீ முதல் பாக்கேல்லை."

"இல்லை அம்மா. பயமாயிருந்தது."

சிறிதேவி பெட்டி விளிம்பைத் தேடிப் பிடித்தாள்.

"எனக்கும் பயம்தான்," என்றாள். "முதலிலையிருந்து சொல்லு."

ஹம்சிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். காதுமயிர் வெட்டாமல் இருப்பதை, வாய் ஒரு ஓரத்தில் சற்றுத் திறந்திருப்பதை, மூக்கில் வைத்த பஞ்சை, பெருவிரலில் மீன் வெட்டும் கத்தி போட்ட பழைய தழும்பை. நித்திரை கொள்ளுவதுபோல் இல்லை என்பதையும் சொன்னாள். கண்ணீர் வழிந்தது, கண்ணை எடுக்கவில்லை.

"இப்பிடி மீசையில்லாமல் அனுப்பேலாது. கண்ணுக்குக் கீறுற பென்சில் வைச்சிருக்கிறியே?"

"எனக்குக் கீறத் தெரியாதம்மா."

"படம் படமெண்டு அஞ்சு வருசமாப் படிக்கிறாய்."

கைப்பையில் கறுப்புப் பென்சில் இருந்தது. அப்பாவின் உதட்டில் விரல் பட்டதும், அந்தக் குளிரில் கை தானாகப் பின்வாங்கியது. மறுபடி வைத்தாள். ஒவ்வொரு மயிராக, சின்னச் சின்னக் கோடாகக் கீறினாள். இடையில் நோரா கதவைத் திறந்தாள், பார்த்தாள், ஓசையில்லாமல் மூடினாள்.

"சரியா வந்திட்டுதே?"

ஹம்சிகா நன்றாகப் பார்த்தாள். "இடப்பக்கம் கொஞ்சம் மேலை போட்டுது, அம்மா."

"அவர் வெட்டினாலும் அப்பிடித்தான்."

வெளியே யாரோ சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஹம்சிகா பென்சிலின் மூடியைத் தேடினாள். அது அம்மாவின் கைக்குள் இருந்தது.