இரண்டாவது டாமரிஸ்

ஒஹாயோவிலிருந்து வந்த கடிதத்தின் அடியில் தன் பெயரே இருப்பதைப் பார்த்து டாமரிஸ் விட்கம் முதலில் சிரித்துவிட்டாள். அப்பா, போதகர் ஆசகேல் விட்கம், பிரசங்க மேடை ஏறி ஐம்பது வருடம் ஆகிறது. அதற்காக அவருடைய குடும்ப வரலாற்றைச் சபையார் அச்சிடப் போகிறார்கள். எழுதும் வேலை, கல்யாணமாகாமல் வீட்டோடு இருக்கும் மகள் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? அப்பா கொடுத்த முகவரிகள் போதாதென்று, அவரைக் கேட்காமலே உறவினர்கள் தங்கள் குடும்ப விவரங்களை எழுதி அனுப்பும்படி சபைப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பும் கொடுத்திருந்தாள்.

‘போதகர் விட்கமின் மூத்த தாரத்து மகள் நான். எனக்கு நான்கு பிள்ளைகள்; பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். அறிவிப்பின் அடியில் என் பெயரைப் பார்த்தேன். நீங்கள் யார்?’

சிரிப்பு நின்றுபோனது. மூத்தவள் டாமரிஸ் பதினேழு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். வீட்டு வேதாகமத்தில், பிறப்பு இறப்பு எழுதிவைக்கும் நடுப்பக்கத்தில், அப்பாவின் கையெழுத்திலேயே தேதி இருக்கிறது. செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறப்பதற்கு வைப்பது அந்த மாசசூசெட்ஸ் ஊர்களில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். மறு வருடம் இளைய தாரத்துக்குப் பிறந்த இவளுக்கு அந்தப் பெயர் வந்தது.

பெயரோடு கடமையும் வந்தது. அப்பாவுக்கு இரண்டு மகள்களாகவும் தானே இருக்க வேண்டுமென்று, தன்னைப் பெண் கேட்டு வந்த பள்ளி ஆசிரியரைக்கூட வேண்டாமென்று அனுப்பிவைத்தாள். முப்பது வருடமாக மே மாதம் தவறாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அக்காவின் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டிக் கழுவுவாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். அந்தத் தொப்பியை நினைத்தபோதுதான் அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை மதியம். அப்பா பீன்ஸ் குழம்பில் கறுப்பு ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். வாசித்துவிட்டு நிதானமாக மடித்தார்.

“ரயில் பாதை போட வந்த ஐரிஷ்காரன் பின்னாடி போனா. நம்ம சபையை விட்டுட்டுக் கத்தோலிக்கக் கோயில்ல கல்யாணம். எனக்கு அன்னைக்கே செத்துட்டா. அப்புறந்தான் இந்த ஊருக்கு வந்தேன். மகள் எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது? செத்துட்டான்னு கல்லு நட்டேன்.”

“அந்தக் கல்லுக்கு அடியில என்னப்பா இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேனே. ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே.”

அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவளுக்குப் பதிலாத்தான் கர்த்தர் உன்னைக் கொடுத்தார். இருக்கிறதை அப்படியே அச்சுக்கு அனுப்பு. இதை அடுப்புல போட்டுடு.”

கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பு மூடியைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்துவிட்டு மூடினாள். கைப்பிரதியை அங்கிருந்த மேசைமேல் விரித்து, மூத்தவளின் மரணத் தேதியைக் கோடிட்டு அடித்தாள். அந்த இடத்தில் நான்கு பிள்ளைகளின் பெயர்களையும் ஐரிஷ் குடும்பப் பெயரோடு எழுதினாள்.

பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தாள். ‘அன்புள்ள அக்கா, நான் உன் தங்கை. நீ செத்துவிட்டாய் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.’ பக்கம் முழுவதும் ஓடிய பேனா, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

“டாமரிஸ்,” அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து கூப்பிட்டார். தட்டை எடுக்கச் சொல்வார். “டாமரிஸ்?”

அவள் திரும்பவில்லை. பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்து, பெயர் இல்லாத இடத்தில் மெல்லப் பரவியது.