வலி இருக்கும்போதே

"எந்த இடத்துல வலிக்குது?" என்று டாக்டர் ஸ்ரீரங்கன் கேட்டார். ஜீவிதா வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சல் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"மேல் வயித்துல சார். சாப்பிட்ட பிறகு வருதாம். கொஞ்சம் வேகமா சாப்பிடுவா. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

டாக்டர் தலையாட்டியபடி திரையைப் பார்த்தார். எண்டோஸ்கோபி நார்மல். ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். "கேஸ் டிரபிள்தான்மா. மெதுவா மென்னு சாப்பிடுங்க, மாத்திரை எழுதறேன்" என்றவர் ஏஞ்சல் பக்கம் திரும்பி, "வெயிட் அருமையா குறைஞ்சிருக்கே சிஸ்டர். நம்ம நல்ல கேஸ்ல இவங்க ஒருத்தர்" என்றார்.

ஏஞ்சலின் முகம் மலர்ந்தது. வலி இடது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்குப் பாய்கிறது, குடலை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் பிழிகிறார்கள், மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தால்தான் கொஞ்சம் அடங்குகிறது என்றெல்லாம் சொல்வதற்கு ஜீவிதா ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏஞ்சல் அவள் கணவன் ஐசக்கின் அக்கா. மேடவாக்கம் பக்கத்தில் இருக்கிற அந்தத் தனியார் மருத்துவமனையில் வெகு காலமாக நர்ஸ். இப்போது ஒரு வார்டுக்கே பொறுப்பு. தாய் இறந்தபோது ஐசக் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்கவைத்தது, அவனுக்காக வேலைக்கு அலைந்தது, ஜீவிதாவைப் பெண் பார்த்தது எல்லாமே அக்காதான். பீர்க்கன்கரணையில் இவர்களுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தாள். அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ்கூட வாங்கியதில்லை.

எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி முதலில் பேசியதும் அவள்தான். அப்போது ஜீவிதா நூறு கிலோவைத் தாண்டியிருந்தாள். சர்க்கரை வந்துவிட்டது. கிண்டியில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குக் கணக்கு வேலை. பெருங்களத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். "எங்க சாரே பண்ணுவாரு. இரைப்பையச் சின்னதாக்கி, குடல மாத்தி இணைச்சிடுவாங்க. பைபாஸ்னு பேரு. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றாள் ஏஞ்சல். சொன்னபடியே இருந்தாள். முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போனது. சர்க்கரை மாத்திரை நின்றது. படிக்கட்டில் ஜீவிதா மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறினாள்.

அதன் பிறகுதான் இந்த வலி. ஒரு நாள் வரும், நான்கு நாள் வராது. வந்தால் அரை மணி நேரம் ஆளைச் சுருட்டிப் போட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் இருக்காது.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. அனகாபுத்தூரில் இருக்கிற அம்மா ஆபரேஷனே கூடாது என்று அழுதவள். அவளிடம் சொன்னால் ஊரே தெரிந்துகொள்ளும். ஐசக்கிடம் சொன்னால், "அக்காகிட்ட கேக்கறேன்" என்பான். அக்காவிடம் சொன்னால், "எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சே ஜீவி. நீ அதையே நெனச்சிக்கிட்டிருக்க, அதான். மனசுக்கு ஒரு டாக்டர் இருக்காரு, பாப்போமா?" என்பாள். அலுவலகத்தில் சொல்லலாம் என்றால், ஆபரேஷன் செய்துகொண்டதே அங்கே யாருக்கும் தெரியாது.

சாப்பிடப் பயந்தாள். சாப்பிடாததால் இன்னும் இளைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டி இப்டி ஆயிட்டே? எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்ற ஏஞ்சல் பெருமையோடு சிரிப்பாள். ஜீவிதாவும் சிரிப்பாள். சில நாட்களில், வலி தன் கற்பனையாகத்தான் இருக்குமோ என்று அவளுக்கே தோன்றியது. அந்த நினைப்புதான் வலியைவிட அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும்போது ரயிலில் வலி வந்தது. பெண்கள் பெட்டியில் தாம்பரத்தில் ஏறிய கூட்டம் அவளை எதிர்ப்பக்கம் நெருக்கித் தள்ளியிருந்தது. மண்டியிட இடமில்லை. குனியக்கூட இடமில்லை. ஒருத்தியின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குரோம்பேட்டையில் எப்படி இறங்கினாள் என்று நினைவில்லை. பிளாட்பாரத்தில் மண்டியிட்டுக் கிடந்தவளைக் கொய்யாப்பழம் விற்கும் அம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாமா ஆச்சு? மாசமா கீறியா?"

இல்லை என்று ஜீவிதா தலையசைத்தாள்.

"வூட்டு நம்பர் குடு, போன் போடறேன்."

"வேணாம்மா. ஒரு ஆட்டோ மட்டும் புடிச்சுக் குடுங்க."

கிட்டத்தில் இருந்த அரசு மருத்துவமனைக்குப் போனாள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, முன்பு என்னென்ன ஆபரேஷன் நடந்தது என்று கேட்டாள். ஜீவிதா ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்தில் நின்று பதில் சொல்ல யாரும் இல்லாததால் வார்த்தைகள் தாமாக வந்தன.

"பைபாஸ் பண்ணவங்களுக்கு உள்ள ஒரு இடைவெளி விழுந்து, குடல் அதுல போய் மாட்டிக்க வாய்ப்பு இருக்கு" என்றாள் டாக்டர். "சில சமயம் தானாவே விட்டுடும். அப்போ ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் தெரியாமப் போகலாம். உங்களுக்கு வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"உங்க சர்ஜன்கிட்ட இதைக் கேளுங்க. தள்ளிப் போடாதீங்க. ஒரு தடவை மாட்டி விடாம இருந்துட்டா குடல் அழுகிடும்."

அந்த வாரமே டாக்டர் ஸ்ரீரங்கனைப் பார்க்கப் போனாள். வழக்கம்போல ஏஞ்சல் கூடவே அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"என்னது?"

"நான் சார்கிட்ட தனியா பேசணும்."

ஏஞ்சல் டாக்டரைப் பார்த்தாள். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எழுந்து போனாள். கதவு சற்று ஓங்கியே சாத்தப்பட்டது.

ஜீவிதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வலியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, குடல் மாட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்டாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையேமா."

"வலி இல்லாதப்ப எடுத்த ஸ்கேன் சார் அது."

"யார் இதெல்லாம் சொன்னது? இன்டர்நெட்ல படிச்சீங்களா?"

"ஒரு டாக்டர் சொன்னாங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க சார், கேட்டுக்கறேன்."

அவர் தப்பு என்று சொல்லவில்லை. "ரொம்ப அபூர்வம்" என்றார்.

"அபூர்வம்னா எனக்கு வராதுன்னு அர்த்தமா?" அவள் நிறுத்தவில்லை. "என்னை அட்மிட் பண்ணிக்குங்க. வலி வந்ததும் ஸ்கேன் எடுங்க. முடியாதுன்னா என் ஆபரேஷன் பேப்பர் எல்லாம் குடுத்துடுங்க, நான் வேற எடத்துல காட்டிக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ரெண்டு மூணு நாள் பாப்போம்" என்றார்.

அன்று சாயங்காலம் ஏஞ்சல் வீட்டுக்கு வந்து தம்பியிடம் மட்டும் பேசினாள். "அந்த ஆஸ்பத்திரில எனக்குன்னு ஒரு பேரு இருக்குடா. உன் பொண்டாட்டி என்னை வாசல்ல நிக்க வெச்சுட்டா."

அவள் போன பிறகு ஐசக், "ஒரு சாரி சொல்லிடேன் ஜீவி" என்றான்.

"சொல்றேன். முதல்ல வலி போகட்டும்."

வார்டில் சேர்ந்ததும், இத்தனை மாதமாகப் பயந்து தவிர்த்ததை வேண்டுமென்றே செய்ய வேண்டியிருந்தது. சாப்பிட்டாள். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம். ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி செய்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாமே" என்றார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஏஞ்சல், நான் சொன்னேனே என்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. வலி வரவேண்டும் என்று அன்று ஜீவிதா ஜெபித்தாள். இப்படியும் ஒருத்தி கர்த்தரிடம் கேட்பாளா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குக் கிளம்பத் துணி மாற்றிக்கொண்டு உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது வாயிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்பூன் தரையில் விழுந்தது. முன்பெல்லாம் வந்ததைவிட இது கடுமையாக இருந்தது. கட்டிலிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஏஞ்சல் கண நேரம் அப்படியே நின்றாள். பிறகு பழக்கப்பட்ட வேகத்தில் வலிக்கான ஊசியை எடுத்து வந்து குனிந்தாள். ஜீவிதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊசி வேணாம்."

"பைத்தியமா உனக்கு? கைய விடு!"

"ஸ்கேன் எடுக்கட்டும். அப்புறம் போடுங்க. போட்டா போயிடும்க்கா... மறுபடி ஒண்ணும் இல்லம்பாங்க."

ஏஞ்சல் அவள் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த கண்கள் அவை. இந்த வலியை மட்டும் அவை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

ஊசியைத் தட்டில் போட்டாள். "வீல்சேர்!" என்று வராந்தா அதிரக் கத்தினாள். அட்டெண்டருக்காகக் காத்திருக்காமல் தானே தள்ளிக்கொண்டு ஓடினாள். ஸ்கேன் அறை வாசலில் வரிசை இருக்கிறது என்று சொன்ன பையனை, "வழி விடுடா!" என்று அதட்டி உள்ளே போனாள்.

குடல் மாட்டியிருப்பது ஸ்கேன் படத்தில் தெரிந்தது. அன்று மதியமே ஆபரேஷன் நடந்தது. முதல் அறுவையின்போது ஏற்பட்ட இடைவெளி வழியாகச் சிறுகுடலில் ஒரு பெரிய பகுதி நுழைந்து முறுக்கிக்கொண்டிருந்தது. நிறம் மாறத் தொடங்கியிருந்தாலும் விடுவித்ததும் உயிர் வந்துவிட்டது. வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இடைவெளியைத் தைத்து மூடினார்கள்.

மறுநாள் டாக்டர் ஸ்ரீரங்கன் கட்டில் அருகில் வந்து நின்றார். "நல்லவேளை, சரியான நேரத்துல கண்டுபிடிச்சிட்டோம்."

"நான் எட்டு மாசமா சொல்லிக்கிட்டிருந்தேன் சார்."

பக்கத்தில் நின்ற ஐசக் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் கோப்பைப் புரட்டினார். "ஆமா. சொன்னீங்க" என்றார்.

அறையில் யாரும் இல்லாத நேரத்தில் ஏஞ்சல் வந்து ஜீவிதாவின் தலையை வாரிவிட்டாள். சிக்கெடுத்து முடித்தாள். பிறகு, "நீயும் முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்ல விட்டீங்களாக்கா?"

சீப்பு நடுமுதுகில் நின்றது. ஏஞ்சல் பின்னலை முடிந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்து கொடுக்கும் நேரமாயிற்று என்று போய்விட்டாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி அதற்குமேல் பேசியதில்லை.

அந்த வலி திரும்ப வரவில்லை. ஜீவிதா வேலைக்குப் போனாள். இப்போது மருத்துவமனைக்குத் தனியாகவே போய் வந்தாள். ஆனால் உடம்புக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறை சாப்பிட்டு முடித்த பிறகும் கை கழுவாமல், அசையாமல், எதையோ கேட்பவள்போல் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன ஜீவி?" என்று ஐசக் கேட்பான்.

"ஒண்ணுமில்ல. இரு."

அவனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளோடு காத்திருப்பான். கொஞ்ச நேரம் போன பிறகு அவள் எழுந்து தட்டை எடுப்பாள்.