முத்தம்மாளின் நிழல்

குளிப்பாட்டிய உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுப்பதற்காக. விடியற்காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்த இருசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் விழுந்தான், எழவில்லை. நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவனுக்கு வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாதா என்று அவன் அண்ணன் தெய்வசிகாமணி பஜாரிலிருந்து போட்டோக்காரரை அழைத்து வந்திருந்தார்.

"சினிமாக்காரப் பசங்க படம் அனுப்பறேன்னு சொல்லிச்சுங்களே. வரலையாக்கா?" கூட்டத்தில் நின்ற முத்தம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"வரல" என்றாள் அவன் பெண்டாட்டி திரௌபதி.

வந்து ஒரு மாதமாகிறது. டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. புருஷனிடமும் இதே பதில்தான். தினமும் கேட்டான். நேற்று சாயங்காலம்கூடக் கேட்டான், பாவி மனுஷன்.

பங்குனியில் மெட்ராஸிலிருந்து சினிமா படிக்கும் மாணவர்கள் நாலு பேர் உப்பளத்துக்கு வந்தார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து ஏதோ பரீட்சையாம். உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் இருசப்பனுக்குக் கண் திறக்கவில்லை. அவன் என்றைக்கும் அப்படித்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் தாலி கட்டினான். ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டையைத் திரௌபதி கையில் கொடுத்து இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்றார்கள். கறுப்புத்துணி கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட பையன் ஒருவன், கூட வேலை செய்கிற முத்தம்மாளை இருசப்பன் எதிரில் நிறுத்தினான்.

"இன்னும் ஒரு அடி முன்னால வாங்க. அங்கதான். அசையாதீங்க."

அவள் நிழல் அவன் முகத்தில் விழுந்தது. இருசப்பன் கண்ணை முழுசாகத் திறந்தான். அம்மாடி, என்ன பெரிய கண்! கட்டிக்கொண்ட இருபது வருஷத்தில் அந்தக் கண்ணைப் பகலில் பெண்டாட்டி பார்த்ததே இல்லை. அட்டையோடு நின்ற திரௌபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் நின்றாலும் நிழல் நிழல்தானே? முத்தம்மாள் உயரமாம்.

படத்தில் முத்தம்மாள் இல்லை. அவள் நிழல் மட்டும் அவன் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் கிடக்கிறது. படம் வந்த அன்றைக்கே நிழலை வெட்டிவிடலாம் என்று திரௌபதி கத்தரிக்கோலை எடுத்தாள். முகத்தையல்லவா வெட்ட வேண்டும்.

இப்போது எடுத்துக் கொடுத்தால் இந்தக் கூத்தே வேண்டாம். கருமாதிக்கு அந்தப் படத்தையே மாலை போட்டு வைக்கலாம். திரௌபதி எழுந்து வாசற்படிவரை போனாள். பின்னால் முத்தம்மாளின் ஒப்பாரி ஓங்கியது. பெண்டாட்டியைவிட உரக்க அழ இவள் யார்? திரும்பிவிட்டாள்.

"தல நிக்க மாட்டேங்குதுங்க" என்றார் போட்டோக்காரர்.

நிமிர்த்தி வைக்க வைக்க அது இடப்பக்கமே சாய்ந்தது. இடப்பக்கம் முத்தம்மாள் நின்றிருந்தாள். செத்தும் அங்கேதானா என்று திரௌபதிக்கு வயிறு எரிந்தது.

முக்காலியை இழுத்து இடையில் போட்டு உட்கார்ந்தாள். தலை அவள் தோளில் விழுந்தது.

"ஏம்மா, ஊரே பாக்குது" என்றார் தெய்வசிகாமணி.

"பாக்கட்டுங்க மாமா."

"நிமித்திடட்டுமாம்மா?" என்றார் போட்டோக்காரர்.

"வேணாம். இப்படியே எடுங்க."

அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். திரௌபதி அசையவில்லை. குளிப்பாட்டிய தண்ணீர் அவன் முடியிலிருந்து அவள் ரவிக்கையில் இறங்கிக்கொண்டிருந்தது.