இரும்பு நுழையாத காடு

எங்கள் ஊர்க் காட்டுக்குள் இரும்பு போகக் கூடாது. அரிவாள், கம்பி, ஆணி எதுவும் ஆகாது. ஆடு மேய்க்கிறவர்கள் இரும்புக் கொக்கி மாட்டிய தொரட்டியை எல்லைக்கல்லில் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். பெண்கள் இடுப்புச் சாவிக்கொத்தைக்கூடக் கழற்றி வைப்பார்கள். செத்து விழுந்த மரமும் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டியதுதான், அடுப்புக்கு ஒரு சுள்ளி வராது.

பரளச்சிக்குக் கிழக்கே கரிசல் பரந்து கிடக்கும். அதன் நடுவில் செம்மண்ணாக ஒரு செவல் மேடு. மேடு முழுக்க உசிலையும் விடத்தலையும் குருந்துமாக மரங்கள். நடுவில் சோலைச்சாமி என்று ஒரு நட்ட கல். மயில், முயல், உடும்பு எல்லாம் இருந்தன. முக்கியமாகத் தேவாங்கு. ஒரு சாண் உடம்பு, முகத்தில் பாதி கண். எண்பத்தொன்றில் வெளியூர்க்காரர்கள் வலை போட்டு நாலைந்து தேவாங்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். மந்திரத்துக்கு விற்பார்களாம். அன்றைக்குக் கொதித்துப்போய் ஆரம்பித்ததுதான் எங்கள் காட்டுக்காவல் சங்கம்.

தலைவர் சீனிச்சாமி. பதினெட்டு ஏக்கர் பருத்திக்காட்டுக்காரன், ஆனால் கைநாட்டு. செயலாளர் மாரிக்கண்ணனாகிய நான். பலசரக்குக் கடை வைத்திருந்தேன். ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் இரண்டே பேர். இன்னொருவன் பம்பாய்க்குப் போய்விட்டதால் எனக்குப் போட்டி இல்லை. 'வேட்டையாடக் கூடாது' என்று மரப் பலகையில் நான்தான் எழுதினேன். ஆணி அடிக்க முடியாதே, தென்னங்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் காவல் இருந்தோம். மூன்றே வருஷத்தில் தேவாங்குகள் மறுபடி பெருகின. அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்பத்து நாலில் நிலங்களைப் புதிதாகப் பதிய சர்வேயர் வந்தார். எல்லா நிலத்தையும் அளந்துவிட்டுக் கடைசியில் காட்டுக்கு வந்தார். கூட வந்த இரண்டு பேர் தோளில் இரும்புச் சங்கிலி. சங்கம் மொத்தமும் எல்லைக்கல்லில் நின்றது.

"சார், நீங்க எங்க வேணா அளங்க. இந்தக் கல்லத் தாண்டி மட்டும் சங்கிலி போகக் கூடாது" என்றான் சீனிச்சாமி.

"இது அரசாங்கச் சங்கிலிய்யா."

"அரசாங்க இரும்பும் இரும்புதான சார்?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு பேச்சை அன்றைக்கு என் மனைவி ராமலட்சுமியிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன்.

"சரி, எத்தனை மரம் இருக்கும்? அதையாவது சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

யாரும் வாய் திறக்கவில்லை. சாமி மரத்தை எண்ணக் கூடாது, எண்ணினால் குறைந்துவிடும் என்பது ஊர் வழக்கம். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் அலைந்து களைத்துப் போயிருந்தார். "இதையெல்லாம் எழுத என் ரிஜிஸ்டர்ல கட்டமே இல்லைய்யா" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று சீனிச்சாமிக்கு மாலை போட்டு, கொட்டு வைத்து ஊருக்குள் கூட்டி வந்தோம்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்ற சர்வேயர் கடைக்கு வந்து ஒரு சோடா கேட்டார். குடித்துவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். "உள்ள போகலைன்னு எழுதியிருக்கேன். ஊர்ல ஒருத்தர் கையெழுத்து வேணும்" என்றார். நான் சீனி மூட்டை மேல் தாளை வைத்து, வாலைச் சுழித்து, ஸ்டைலாக ஒரு கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய செயலாளர் நான், படித்துப் பார்க்கவில்லை. மரியாதைக்காரரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று அப்போது நினைத்ததாக ஞாபகம். கடையில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு ஒன்பது வருஷம் காடு காடாகவே இருந்தது. என் மகள் காளீஸ்வரி அதன் விளிம்பில் மயிலிறகு பொறுக்கி வளர்ந்தாள். கல்யாணமாகி, தொண்ணூற்று மூன்றில் வளைகாப்புக்கும் பிரசவத்துக்குமாக வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த மாதம்தான் செவல் மேட்டில் கிராவல் அள்ளக் குத்தகை விட்டாயிற்று என்று நோட்டீஸ் வந்தது. ரோடு போட மண் வேண்டுமாம்.

நானே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டேன். சீனிச்சாமியும் நானும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். கிளார்க் பழைய பதிவேட்டைப் புரட்டி, விரலை ஓட்டி வாசித்தார்: "மேற்படி இடம் மரங்களற்ற கல்லாங்குத்துத் தரிசு. கிராமத்தார் தரப்பில் ஆட்சேபணை இல்லை." கீழே வால் சுழித்த கையெழுத்து இருந்தது.

உள்ளே போகாமல் வெளியே நின்று எழுதினால் சர்வேயர் என்ன எழுதுவார்? எண்ணிச் சொல்லாத மரம் இல்லாத மரம்தானே. காப்பாற்றுகிறோம் என்று சங்கிலியைத் தடுத்த அன்றைக்கே காட்டைக் கணக்கிலிருந்து நாங்களே வெட்டிப் போட்டிருக்கிறோம். அதற்குச் சாட்சி நான்.

"எந்தப் பய போட்டுருக்கான்? நல்லாப் பாருலே" என்றான் சீனிச்சாமி.

கையிலிருந்த மனுவிலும் அதே கையெழுத்து. நான் அதை நாலாக மடித்தேன். "வெளங்கல. கிறுக்கலா இருக்கு" என்றேன்.

கிளார்க் நிமிர்ந்து என்னைப் பார்த்தாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஒரு வழி இருக்கு" என்றார். "போட்டவர் வந்து, வாசிக்காமப் போட்டேன்னு எழுதிக் கொடுக்கட்டும். ஊர்ல வச்சு விசாரிப்பாங்க. அதுவரைக்கும் குத்தகைய நிறுத்தி வைக்கலாம். பதினஞ்சு நாளைக்குள்ள வரணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சீனிச்சாமி ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி யோசித்துக்கொண்டே வந்தான். "நீ இல்லாட்டி இதுகூடத் தெரிஞ்சிருக்காதுலே" என்று என் தோளைத் தட்டினான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நாளைக்குத் தனியாகப் போய் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஊரில் வைத்து விசாரிப்பார்கள் என்ற வார்த்தைதான் என்னைக் கட்டிப்போட்டது. நூறு பேர் முன்னால், என்னைச் செயலாளர் என்று கூப்பிட்ட வாய்களுக்கு முன்னால், எப்படி நிற்பது? ஒன்பதாம் நாள் துணிந்து பஸ் ஏறினேன். பாதி வழியில் எம்.ரெட்டியபட்டியில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டேன். ஒரு டீ குடித்தேன். எதிர் பஸ்ஸில் திரும்பினேன். பதினாலாம் நாள் காளீஸ்வரிக்கு வளைகாப்பு. சீனிச்சாமிதான் முன்னால் நின்று பந்தி நடத்தினான். பதினஞ்சாம் நாளும் போயிற்று.

புல்டோசர் வந்தது. போலீஸ் வந்தது. எல்லைக்கல்லைத்தான் முதலில் பெயர்த்தார்கள். மூன்று நாளில் மேடு மொட்டையானது. பகல் வெளிச்சத்தில் தேவாங்குகள் வண்டிப்பாதையில் வந்து உட்கார்ந்திருந்தன. கண் கூசி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். சீனிச்சாமி ஒன்றை வேட்டியில் ஏந்தி வந்து தன் வேப்பமரத்தில் விட்டான். இரண்டு நாள் கழித்து அது மரத்தடியில் செத்துக் கிடந்தது.

பிறகு ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. கையெழுத்துப் போட்டவன் யாரென்று தெரியாவிட்டால் என்ன, அவனுக்கு மண் அள்ளித் தூற்றுவது. வயிறு எரிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி எறிந்து சபித்தால், ஆள் எங்கிருந்தாலும் அவனையும் அவன் வம்சத்தையும் சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் இதையெல்லாம் நம்பாதவன் என்று கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் எல்லோரும் மேட்டுக்குப் போனார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி வரக் கூடாது என்று ராமலட்சுமி எவ்வளவோ தடுத்தாள். "நான் சின்னப் பிள்ளையிலருந்து பாத்த காடும்மா, ஒரு ஓரமா நின்னுக்கிறேன்" என்று காளீஸ்வரியும் வந்துவிட்டாள்.

சீனிச்சாமி குனிந்து ஒரு பிடி செவலை அள்ளினான். "போட்ட கை வெளங்காமப் போகணும். அவன் வம்சம் தழைக்கக் கூடாது" என்று எறிந்தான். அவன் கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

அடுத்து செயலாளர். நான் அள்ளினேன். எறிந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காற்று திருப்பிக் கொண்டுவந்து என் கண்ணிலேயே போட்டது.

ராமலட்சுமி அள்ளினாள். அவளுக்குக் கோபம் வந்தால் ஊரே அடங்கும். "எங்க காட்ட அழிச்சவன் வீட்டுல தொட்டில் ஆடக் கூடாது" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி வீசினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஓரமாக நின்ற காளீஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து மண் எடுக்கிறாள்.

"காளீசு, வேணாந்தாயி! கீழ போடு! கீழ போட்டுரு!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மண் அள்ளியிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. காளீஸ்வரி பயந்து கையை விரித்துவிட்டாள்.

சீனிச்சாமி பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தான். "ஏலே மாரிக்கண்ணா... நீயா?"

"வாசிக்காமப் போட்டுட்டேன்யா."

அதை அவன் பொறுத்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தணிந்த குரலில், "பதினஞ்சு நாளு இருந்துச்சேடா" என்றான்.

ஒவ்வொருவராகக் கையிலிருந்த மண்ணைக் காலடியில் உதிர்த்துவிட்டு ஊரைப் பார்க்க நடந்தார்கள். ஒருத்தர்கூட என்னை ஏசவில்லை.

ராமலட்சுமி மட்டும் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எறிந்த மண்ணைத் தேடினாள். இரண்டு கையாலும் செவலைச் சுரண்டிச் சுரண்டி மடியில் சேர்த்தாள். எது அவள் வீசிய மண், எது அங்கே கிடந்த மண் என்று அந்த மொட்டை மேட்டில் யாரால் சொல்ல முடியும்? நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. காளீஸ்வரி அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் கை கொடுக்கக் குனிந்தேன்.

"அந்தக் கையால என்னத் தொடாதீக" என்றாள் ராமலட்சுமி. தலை நிமிராமல் மண்ணைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.