நூறு மில்லிமீட்டர்

மழையைப் பற்றிப் படிப்பவள் மழையிலேயே மாட்டிக்கொண்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும். கல்வராயன் மலையில், புயலுக்காக விடுமுறை விட்ட ஒரு பள்ளிக்கூடத்தில், பூட்டாமல் கிடந்த ஒரே அறையில் காலையிலிருந்து நான் அடைபட்டுக் கிடந்தேன். கீழே போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையும் சாத்திவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பெய்யவைத்துப் பார்ப்பது. அதற்குக் காற்றும் ஈரமும் மட்டும் தெரிந்தால் போதாது. மேகத்துக்குள் துளி எப்படிப் பருக்கிறது, எப்போது பனித்துகளாக உறைகிறது, என்ன வேகத்தில் விழுகிறது என்று நாம்தான் விதி எழுதித் தர வேண்டும். வேகமாக விழும் என்று எழுதினால் மழை மலைமேலேயே கொட்டும். மெதுவாக விழும் என்றால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மேற்கே சேலம் பக்கம் போட்டுவிடும். அதே மேகம், அதே காற்றுதான். விதி மாறினால் மழை இரண்டு மடங்கு மாறிவிடும்.

இந்தக் கார்த்திகைப் புயலுக்கு ஒரு விதி நூற்றுத்தொண்ணூறு மில்லிமீட்டர் என்றது. இன்னொன்று தொண்ணூறு என்றது. நான் தொண்ணூறை எடுத்துக்கொண்டேன். குருட்டாம்போக்கில் அல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தில் என் ஆராய்ச்சிக்காக மூன்று வருடமாக ஒரு மழைமானி இருக்கிறது. வாட்ச்மேன் தெய்வசிகாமணி தினமும் காலை எட்டரைக்கு அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் மழை நூறைத் தாண்டவில்லை. அதனால் பெருமழை காட்டிய விதி பொய் என்று முடிவுகட்டி, துளி விழும் வேகத்தைக் குறைத்து, கணக்கைத் தரையோடு பொருத்திவிட்டேன். அதற்குச் சென்னையில் கைதட்டலும் வாங்கினேன்.

அன்று மலை ஏறியது, அவர் எழுதிவைத்த நோட்டைப் போட்டோ எடுக்கத்தான். காலை முதல் பஸ்ஸில் வந்தேன். புயல் வருவது தெரியும். தொண்ணூறு மில்லிமீட்டருக்கெல்லாம் பயப்படுவதா என்ற திமிர்.

பதினோரு மணிக்கு அத்தா, என் அப்பா, போன் செய்தார். ஜாபர் என்றால் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும், பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

“இன்னாம்மா ஜெபீனா, பஸ்ஸு இல்லியாமே? நான் வண்டிய எடுத்துக்கினு வர்ட்டா? அந்தத் தரைப்பாலம் தாங்குமா?”

“தொண்ணூறுதான் அத்தா பெய்யும். அதுக்கெல்லாம் பாலம் மூழ்காது. நாலு மணிக்கு வாங்க.”

“நீ சொன்னா சரி.”

தட்டிப் பார்க்காமல் ஒரு குடத்தைக்கூடக் கொள்முதல் செய்யாத மனிதர், என் சொல்லை மட்டும் தட்டிப் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு மணிக்கு மலையில் டவர் போய்விட்டது.

பொழுது போகாமல் நோட்டைப் புரட்டினேன். இரண்டரை மணி இருக்கும். போனில் ஒவ்வொன்றாக வந்தபோது உறைக்காதது, ஒரே நோட்டில் வரிசையாகப் பார்த்தபோது உறைத்தது. நூறு. நூறு. மறுபடி நூறு. மூன்று வருடத்தில் எட்டு நாள், புள்ளி பிசகாமல் நூறு. அந்த எட்டு நாளும் பாலம் மூழ்கியதா என்று வராந்தாவில் இருந்தவரைக் கேட்டேன். தெய்வசிகாமணி அண்ணன் சாதாரணமாகத் தலையாட்டினார். நூறு வந்தாலே மூழ்கிவிடும் என்றார்.

அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மழைமானியைத் திறந்தார். உள்ளே இருந்த பாட்டில் கழுத்துவரை நிரம்பி, வழிந்த தண்ணீர் வெளி டப்பாவில் நாலு விரல் உயரத்துக்கு நின்றது. பாட்டிலைப் பத்திரமாக எடுத்து ஓரமாக வைத்தார். டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

“அண்ணே, அத ஏன் ஊத்திட்டீங்க?”

“அது வழிஞ்ச தண்ணி மேடம். பாட்டில்ல கீறத மட்டும் அளங்கன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க.”

நான்தான் சொன்னேன். மலை ஏறச் சோம்பல்பட்டு, போனிலேயே பாடம் நடத்தினேன். அந்தப் பாட்டில் கொள்வதே இரண்டு லிட்டர்தான். இரண்டு லிட்டர் என்றால் நூறு மில்லிமீட்டர். அதற்குமேல் பெய்த மழையை எல்லாம் அந்த நல்ல மனிதர் மூன்று வருடமாக, நான் சொன்னபடி, கீழே கொட்டியிருக்கிறார். நூற்றுத்தொண்ணூறு என்ற முதல் விதி சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததை நான் திருத்திக் கெடுத்தேன்.

இப்போதே நூறு தாண்டிவிட்டது. இன்னும் பெய்யும். அத்தா கிளம்பியிருப்பார். சொல்ல வழியில்லை.

சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் பாலத்துக்கு இறங்கினோம். இரண்டு கிலோமீட்டர். ரோடே ஓடையாக ஓடியது. நாங்கள் போனபோது பாலத்தின்மேல் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரையில் அத்தாவின் வெள்ளை வேன் விளக்கைப் போட்டபடி நின்றது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் இறங்கிக் கையை ஆட்டினார். வராதீர்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்து விரித்துத் தடுத்தேன். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் ஏறினார். முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது. மகள் எதிர்க்கரையில் நனைந்துகொண்டு நிற்கும்வரை அவர் திரும்பிப் போக மாட்டார். பாலத்துக்கு அவரை இழுப்பது நான்தான்.

முதுகைக் காட்டித் திரும்பி, மலைப்பக்கம் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது. தெய்வசிகாமணி அண்ணனைப் பின்னோக்கி நடந்தபடி அத்தாவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

“தண்ணியிலதான் நிக்கறாரு மேடம்.”

நடந்தேன். ஹாரன் நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது. யா அல்லா என்று வாய்விட்டே அழுதேன்.

“இப்ப?”

“நிக்கறாரு.” இன்னும் நாலடி நடந்தேன். “பின்னாடி எடுக்கறாரு. மேடம், வண்டி பின்னாடி போவுது.”

ரோட்டு வளைவுவரை நான் திரும்பவில்லை. போய்விட்டார், இனிமேல் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் திரும்பினேன். இடையில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரையில் யாருமே இல்லை. வெறும் ரோட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை, அவ்வளவு அநாதையாக நின்றதும் இல்லை.